ஒரு தோள் பட்டியும் ஆயிரம் பொன்வண்டு இறக்கையும்

ஜாக்கெட் தைக்கும் அக்காக்களுக்கும், ஆரி ஃப்ரேம் முன்னால் முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கும் தங்கைகளுக்கும், கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பேசும் கட்டிங் மாஸ்டர்களுக்கும்,



போன மாதம் உங்களில் ஒருவருடைய கடை வாசலில் நின்றிருந்தேன். முகூர்த்த நேரம். "நாளைக்கு வாங்க" என்பதை நான்காவது தடவையாகக் கேட்டுவிட்டு, உடனே திரும்பிப் போக மனமில்லாமல் கைபேசியில் ஒரு பழைய ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு கவுன் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "இந்தப் படத்துல முதல்ல இவங்க வலது தோள் பட்டி நழுவிக் கிடந்துச்சாம். ஊரே சிரிச்சுதாம். அப்புறம் ஓவியர் அதை ஏத்தி விட்டு வரைஞ்சிட்டாராம்" என்றேன். அக்கா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி இடுப்பையும் மார்பையும் பார்த்தார். "பட்டி அறுந்தே போனாலும் இது இறங்காதே. உள்ள எலும்பு மாதிரி போன் வச்சு நிக்க வச்சிருக்காங்க. பட்டி சும்மா அழகுக்கு." சொல்லிவிட்டுக் காஜாவுக்குப் போய்விட்டார்.

1884இல் பாரிஸ் நகரத்துப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அந்தப் பட்டியைப் பற்றிப் பேசினார்கள். பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெண்ணின் தாயார் ஓவியரின் வீட்டுக்கே வந்து, படத்தைக் கழற்றச் சொல்லி அழுதார். அவ்வளவு பேச்சிலும் யாருக்கும் தோன்றாத ஒன்றை நீங்கள் காஜா ஊசியோடு சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கதை. படத்தில் இருப்பவர் வர்ஜீனி கோத்ரோ. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸில் 1859இல் பிறந்தவர். அப்பா அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் இறந்துபோனார். அம்மா பெண்ணை அழைத்துக்கொண்டு பாரிஸுக்கு வந்தார். அங்கே பணக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். அன்றைய பாரிஸில் அழகும் ஒரு பதவி மாதிரி. ஒரு பெண் விருந்துக்கு வந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று பார்ப்பார்கள், மறுநாள் பத்திரிகையில் அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று வரும். கோத்ரோ அப்படிப் பெயர் வாங்கியவர். லேசான ஊதா சாயல் தட்டும் வெள்ளைப் பவுடரை உடம்பெல்லாம் பூசுவார்.

படத்தை வரைந்த ஜான் சிங்கர் சார்ஜென்டும் அவரைப் போலவே வந்தேறி. பெற்றோர் அமெரிக்கர்கள், பிறந்தது இத்தாலியில், படித்தது பாரிஸில். வயது இருபத்தேழு, இருபத்தெட்டு. இந்தப் படத்தை யாரும் காசு கொடுத்து வரையச் சொல்லவில்லை. இவரை வரைந்தால் பெயர் வரும் என்று அவர் கேட்டார், வரையப்பட்டால் பெயர் வரும் என்று இவர் சம்மதித்தார். 1883 கோடையில் பிரிட்டனி கடற்கரைப் பக்கம் கோத்ரோவின் வீட்டில் தங்கி வரைய ஆரம்பித்தார். கோத்ரோவுக்கு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கப் பொறுமை கிடையாது. சார்ஜென்ட் தோழிக்கு எழுதிய கடிதத்தில் அவருடைய அழகையும் சோம்பலையும் ஒரே மூச்சில் நொந்துகொள்கிறார். நின்ற கோலம், உட்கார்ந்த கோலம், சாய்ந்த கோலம் என்று முப்பது போல மாதிரிகள் வரைந்த பிறகுதான் கடைசி நிலை அமைந்தது. உடல் நம்மைப் பார்க்க, முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். ஒரு கை பின்னால் மேசையில் முறுக்கி ஊன்றியிருக்கும்.

படத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், உங்களுக்கு அது பழக்கம்தானே. மேலே கறுப்பு வெல்வெட், கீழே கறுப்பு சாட்டின். வெல்வெட் வெளிச்சத்தைக் குடித்துவிடும், சாட்டின் திருப்பி அடிக்கும். அதனால் மார்புப் பகுதி ஒரே இருட்டாகவும் பாவாடை மடிப்பு மடிப்பாகப் பளபளத்தும் தெரிகிறது. கழுத்து இதய வடிவில் ஆழமாக வெட்டியிருக்கிறது. அந்த விளிம்பு தோலில் பட்டும் படாமலும் நிற்கிறது. பட்டிகள் துணியே இல்லை, கல் வைத்த மெல்லிய சங்கிலி போல இரண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் பவுடர் வெளுப்பு, காது மட்டும் இளஞ்சிவப்பு. அங்கே பவுடர் பூசவில்லை. சார்ஜென்ட் அதை விட்டுவைக்கவில்லை.

விளிம்பு அப்படி நிற்பதன் ரகசியம் நம் அக்கா சொன்னதுதான். அன்றைய மேலாடைகளின் லைனிங்கில் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு குழாய் போலத் துணி மடித்து, அதற்குள் திமிங்கிலத் தகட்டைச் செருகுவார்கள். பெயர்தான் திமிங்கில எலும்பு. உண்மையில் அது எலும்பு அல்ல, திமிங்கிலத்தின் வாய்க்குள் இரையை வடிகட்டத் தொங்கும் சீப்பு போன்ற தகடு. நீளவாக்கில் எவ்வளவு மெல்லிசாக வேண்டுமானாலும் பிளக்கலாம், சூடு காட்டினால் வளையும், ஆறினால் அந்த வளைவிலேயே நிற்கும். நீங்கள் லெஹங்கா ஜாக்கெட்டுக்கு வைக்கும் பிளாஸ்டிக் போனுக்கு அதுதான் பாட்டி.

1884 மே மாதம் சலோன் கண்காட்சி திறந்தது. பிரெஞ்சுக் கலை உலகத்தின் வருடாந்திரத் திருவிழா அது. படத்துக்குப் பெயர் வைக்காமல் 'திருமதி ***' என்று மூன்று நட்சத்திரம் போட்டார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். தோலின் நிறம் பிணம் போலிருக்கிறது என்றார்கள், திமிர் என்றார்கள், எல்லாவற்றுக்கும் மேலே வலது பட்டி தோளிலிருந்து நழுவிக் கைமேல் கிடந்தது. கணவன் இருக்கும் பெண், பட்டி நழுவியதைக்கூடச் சரிசெய்யாமல் நிற்கிறாளே என்று கூட்டம் கூட்டமாக நின்று ஏளனம் செய்தார்கள். கண்காட்சி முடியும்வரை படத்தைக் கழற்ற முடியாது என்று சார்ஜென்ட் மறுத்துவிட்டார். முடிந்து வீட்டுக்கு வந்ததும் பட்டியை எடுத்துத் தோளில் ஏற்றி வரைந்தார். பழைய நிலை இன்று ஒரு புகைப்படத்தில்தான் இருக்கிறது. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் அவர் பாதியில் விட்ட இன்னொரு பிரதி உண்டு. அதில் வலது பட்டி வரையப்படவேயில்லை, தோள் வெறுமனே இருக்கிறது.

எனக்கு இதில் கோபம் வருவது வேறொரு இடத்தில். ஏழே வருடம் கழித்து, 1891இல், குஸ்தாவ் கூர்த்வா என்ற பிரெஞ்சு ஓவியர் அதே கோத்ரோவை அதே பக்கவாட்டு முகத்தோடு வரைந்தார். வெள்ளை உடை, பட்டி நழுவித்தான் கிடக்கிறது. ஒரு சலசலப்பும் இல்லை. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் அமைதியாகத் தொங்குகிறது. வெள்ளைத் துணியில் நழுவினால் நளினம், கறுப்பில் நழுவினால் கேவலம் போலிருக்கிறது.

இனி அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் உடைகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு வருகிறேன். பாரிஸில் ரூ த லா பே தெருவில் ஏழாம் எண். 1858 முதல் அங்கே கடை வைத்திருந்தவர் சார்ல்ஸ் ஃப்ரெடெரிக் வொர்த், ஓர் ஆங்கிலேயர். இருபது வயதில் பாரிஸுக்கு வந்து துணிக்கடையில் விற்பனை ஆளாக நின்றவர். அதுவரை வழக்கம் என்ன? சீமாட்டி தன் துணியைத் தானே வாங்கி வந்து, "இப்படித் தை" என்று தையற்காரியிடம் சொல்வார். இன்று உங்களிடம் பாதிப் பேர் அப்படித்தானே வருகிறார்கள், ஒரு கையில் துணி, மறு கையில் யாரோ நடிகையின் படம். வொர்த் அதைத் தலைகீழாகப் புரட்டினார். துணி அவருடையது, வடிவம் அவருடையது, அதை உயிருள்ள பெண்ணுக்கு உடுத்தி நடக்கவைத்துக் காட்டுவார், வந்தவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுப் பேரரசி யூஜெனி வாடிக்கையாளரான பிறகு மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். நீங்கள் தினமும் சொல்லும் 'பிரின்சஸ் கட்' இருக்கிறதே, இடுப்பில் வெட்டாமல் மேலிருந்து கீழ்வரை நீளத் தையலிலேயே உடம்பைப் பிடிக்கும் அந்த வெட்டின் பெருமையும் அவருக்குத்தான் தரப்படுகிறது. அந்தப் பிரின்சஸ், வேல்ஸ் இளவரசி அலெக்ஸாண்ட்ரா.

வொர்த் கடை உடைகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் உங்களுக்கு நேரம் போவதே தெரியாது. நீளத் தையல் மெஷினில் போட்டிருக்கும், முடிப்பு எல்லாம் கைத்தையல். ஒரே பட்டுப் பாவாடைக்கு இரண்டு ஜாக்கெட் தைத்துத் தருவார்கள், பகலுக்குக் கழுத்து மூடி நீளக் கை, இரவு விருந்துக்குக் கழுத்து இறங்கிக் குட்டைக் கை. அந்தக் காலத்து ஜாக்கெட்டுகளில் கொக்கிகளை எல்லாம் ஒரே பக்கம் வைக்க மாட்டார்கள். ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். எதிரும் புதிருமாக இழுப்பதால் மூச்சை எப்படி இழுத்தாலும் தானாகக் கழலாது. இடுப்பில் உள்ளே ஒரு நாடா ஓடும், அதை முதலில் கட்டிக்கொண்டால்தான் மேலே கொக்கி போட முடியும். அந்த நாடாவில்தான் அவர் பெயர், கையெழுத்துப் போலவே நெய்து இருக்கும்: வொர்த், பாரிஸ்.

ஓவியர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவது போல. அவருக்கும் அந்த நினைப்புதான். பழைய ஓவிய மேதை போல வெல்வெட் தொப்பியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டவர் அவர். தையற்காரர் ஓவியராக வேஷம் கட்டினார் என்றால், சார்ஜென்ட் தையற்காரராகவே நடந்துகொண்டார். எந்த உடை என்று அவரே தேர்வு செய்வார், பிடித்து இழுப்பார், மடித்துவிடுவார். 1894இல் கிரஹாம் ராபர்ட்சன் என்ற ஒல்லியான இளைஞரைக் கோடை வெயிலில் கணுக்கால்வரை நீளும் கம்பளிக் கோட்டில் நிற்கவைத்தார். கோட்டுதான் படமே என்பது அவர் கட்சி. உடம்போடு ஒட்ட வேண்டும் என்று கோட்டை இழுத்து இழுத்துச் சுற்ற, அந்தப் பையன் உள்ளே போட்டிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு நின்றாராம்.

வொர்த் பெயர் உள்ளே இருக்கிறது, சரி. அவரிடம் வேலை பார்த்தவர்கள் உச்சக் காலத்தில் ஆயிரத்துக்கும் மேல். பாவாடைக்குத் தனி அறை, கைக்குத் தனி அறை, மேலுடம்புக்குத் தனி அறை. அங்கே ஊசி பிடிக்கும் பெண்களுக்கு இன்றுவரை பிரெஞ்சில் 'சின்னக் கைகள்' என்றுதான் பெயர். செல்லமாகச் சொல்வது போல இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது. முழு ஆளே கிடையாது, கை மட்டும்தான். மதியம் அவசர அவசரமாகத் தெருவுக்கு வந்து எதையாவது தின்றுவிட்டு ஓடுவதால் இன்னொரு பட்டப்பெயரும் உண்டு. சீமாட்டிகள் கோடைக்குக் கடற்கரைக்கும் கிராமத்துக்கும் போய்விட்டால் வேலை செத்துவிடும், ஆட்களை நிறுத்திவிடுவார்கள். நமக்கு ஆடி போல. விருந்துக் காலம் வந்தாலோ ராத்திரி பகல் கிடையாது. 1892இல் பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று பிரான்ஸில் சட்டம் வந்தது. வந்த கையோடு தையல் கடைகளுக்கு மட்டும் வருடத்தில் சில நாள் இரவு 11 மணிவரை விலக்கும் வந்தது.

லண்டன் நிலைமை இதைவிட மோசம். 1863இல், இருபது வயது மேரி ஆன் வாக்லி என்ற பெண், அரண்மனை விருந்து உடைகளுக்காக இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் தைத்துவிட்டு, காற்று இல்லாத அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தச் செய்தி வந்ததால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. ஒரு தையற்காரியின் பெயர் வரலாற்றில் நிற்க அவர் சாக வேண்டியிருந்தது.

மேல்தட்டு வாழ்க்கையின் படோடோபத்தைப் பற்றி எழுத நிறைய உண்டு, ஒன்று போதும். 1883 மார்ச் 26 அன்று நியூயார்க்கில் வாண்டர்பில்ட் குடும்பத்து மாறுவேட விருந்து. ஆலிஸ் வாண்டர்பில்ட் 'மின்விளக்கு' வேடத்தில் வந்தார். எடிசனின் மின்நிலையம் அந்த நகரத்தில் ஓடத் தொடங்கி ஆறே மாதம் ஆகியிருந்தது. மஞ்சள் சாட்டினில் வெள்ளிச் சரிகையில் மின்னல் கீற்றுகள், உடைக்குள் ஒளித்த பேட்டரி, தூக்கிய கையில் எரியும் விளக்கு. வொர்த் கடைத் தயாரிப்பு. நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. அந்தப் பேட்டரிக்கு எங்கே பை வைத்துத் தைத்தார்கள் என்றுதான் நீங்கள் முதலில் பார்ப்பீர்கள்.

ஆரி வேலைத் தங்கைகளே, இனி உங்கள் பங்கு. கறுப்பு உடைக் களேபரத்துக்குப் பிறகு பாரிஸில் சார்ஜென்டுக்கு வேலை வருவது குறைந்தது, 1886இல் லண்டனுக்குப் போய்விட்டார். 1888 டிசம்பர் கடைசியில் அங்கே லைசியம் அரங்கில் மேக்பெத் நாடகம். மேக்பெத் சீமாட்டியாக எலன் டெரி. அவர் மேடைக்கு வந்த உடை பச்சையும் நீலமுமாகப் பாம்புத் தோல் போல மின்னியது. ஒளி பட்டதும் நிறம் மாறியது. மின்னியது எது தெரியுமா? பொன்வண்டு இறக்கை.

ஆமாம், நாம் சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் வேலமர இலை போட்டு வளர்த்தோமே, அதே இனம்தான். மேலே கெட்டியாக மூடியிருக்கும் இறக்கை ஓடு சாயம் ஏற்றாமலே அந்தப் பச்சை, நூறு வருடம் ஆனாலும் வெளுக்காது. ஊசியால் ஓரத்தில் துளையிட்டு சமிக்கி வைப்பது போலவே தைக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் மெல்லிய மஸ்லினில் பொன்வண்டு இறக்கையும் சரிகையும் வைத்து வேலை செய்து ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கு அனுப்பிய ஊர்களில் நம் மதராஸும் ஒன்று, ஐதராபாத்தும் கல்கத்தாவும் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட துணிகள் இருக்கின்றன. அவற்றின் சீட்டில் ஊர் பெயர்தான் போட்டிருக்கும். உங்கள் கையிலிருக்கும் கொக்கி ஊசியும் இப்படித்தான் கீழைநாடுகளிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. வட்டச் சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி அதே சங்கிலித் தையலை அவர்களும் போட்டார்கள்.

டெரியின் உடைக்கு வடிவம் யோசித்தவர் ஆலிஸ் கோமின்ஸ் கார். போர்க்கவசம் போல இருக்க வேண்டும், பாம்பு போலவும் இருக்க வேண்டும் என்று அவர் கேட்க, தைத்துத் தந்தவர் அடா நெட்டில்ஷிப். பச்சைப் பட்டு நூலோடு நீல ஜிகினா இழையைச் சேர்த்து முறுக்கி, முழு உடையையும் குரோஷே போட்டு, அதன் மேல் சுமார் ஆயிரம் இறக்கை. நான் அவர் பெயரைச் சொல்ல முடிகிறது என்பதைக் கவனித்தீர்களா? அவருக்குச் சொந்தக் கடை இருந்தது, கணவர் ஓவியர், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் மனைவிக்குக் கல்யாண உடை தைத்தவர். பெயர் நின்றுவிட்டது. அவருடைய கடையில் உட்கார்ந்து இறக்கையில் துளை போட்ட பெண்களின் பெயர் வேண்டும் என்றால் எந்தச் சீட்டிலும் கிடைக்காது.

டெரி அந்த உடையிலேயே வண்டி ஏறி சார்ஜென்டின் டைட் தெரு வீட்டுக்கு வந்து நின்றார். 1889இல் வரைந்த படம் டேட்டில் இருக்கிறது. உடை தனியே, கென்ட் மாவட்டத்தில் டெரி வாழ்ந்த ஸ்மால்ஹைத் வீட்டில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் ஆகி, நூல் இளகி, இறக்கைகள் உடைந்துபோனதால் சில வருடங்களுக்கு முன் பிரித்துச் செப்பனிட்டார்கள். அதற்கு 1,300 மணி நேரம் பிடித்தது. உடைந்த இறக்கையை ஜப்பான் காகிதம் ஒட்டித் திரும்பத் தைத்தார்கள். செப்பனிட எவ்வளவு மணி என்று கணக்கு இருக்கிறது. முதலில் தைக்க எவ்வளவு ஆனது என்று யார் கணக்கு வைத்தார்கள்?

கறுப்பு உடைப் படத்தை சார்ஜென்ட் முப்பது வருடத்துக்கு மேல் தன்னிடமே வைத்திருந்தார். 1915இல் கோத்ரோ இறந்தார். அடுத்த வருடம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு 1,000 பவுனுக்கு விற்றார். தான் செய்ததிலேயே இதுதான் சிறந்தது போலிருக்கிறது என்று எழுதிவிட்டு, அந்த அம்மாவின் பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அதனால்தான் அது 'மேடம் எக்ஸ்' ஆயிற்று. பெயரை மறைத்தும் அவர் பெயர் உலகத்துக்கே தெரியும். வரைந்தவர் பெயர் தெரியும், வாங்கியவர் பெயர் தெரியும். அந்த வெல்வெட் விளிம்பைப் பட்டியே இல்லாமல் நிற்கவைத்த கைக்கு மட்டும் சுவரில் ஒரு வரி இல்லை.

என் கோரிக்கை சின்னது. உங்கள் கடைப் பெயரை மஞ்சள் பையில் அச்சடித்துத் தருகிறீர்கள். பை கிழிந்துபோகும். ஜாக்கெட் கல்யாணப் புடவையோடு முப்பது வருடம் பீரோவில் இருக்கும். ஹூக் பட்டிக்கு உள்பக்கம், லைனிங் மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில் தைத்தவர் பெயரைப் போடுங்கள். கடை முதலாளி பெயர் வேண்டாம், தைத்தவர் பெயர். ஆரி வேலை இன்னொருவர் செய்திருந்தால் அவர் பெயரும். நாலு எழுத்து, சங்கிலித் தையல், உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

என்னுடைய அரக்குப் பட்டு ஜாக்கெட் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், எந்த வெள்ளி என்று நான் கேட்கவில்லை. அதில் கொக்கிகளை அந்தக் காலத்துப் பாணியில் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்களேன். உங்கள் பெயருக்கு நீல நூல் போதும்.

அன்புடன்,
மூன்றாவது கொக்கி எப்போதும் கழன்றுவிடும் உங்கள் வாடிக்கையாளர்